ஏலத்தில் கொலாஜ் ஓவியம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் பசையைப் பற்றிக் கேளுங்கள்

"மிக்ஸட் மீடியா, கேன்வாஸில் ஒட்டிய காகிதம், 36 x 48 அங்குலம், எஸ்டிமேட் 1.5 முதல் 2 லட்சம்." ஏலக் கேட்லாகில் ஒரு கொலாஜ் ஓவியத்தைப் பற்றிப் பெரும்பாலும் இந்த ஒரு வரியும், நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு போட்டோவும்தான் கிடைக்கும். இதை வைத்துக்கொண்டு லட்சக் கணக்கில் கை தூக்குகிறோம். இரண்டு சக்கர வண்டி வாங்கும்போதுகூட ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போமே!

நான் முதல் தடவை அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். போட்டோவில் மயங்கி, ஆன்லைன் ஏலத்தில் 60 ஆயிரத்துக்கு ஒன்றை எடுத்தேன். எந்த நிறுவனம் என்ற பேச்சு வேண்டாம். வீட்டுக்கு வந்தபோது அம்சமாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை இரண்டு வாரம் விடாமல் பெய்ததும், கீழ் வலது மூலையில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு எழுந்துவிட்டது. ஓவியம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஏல நிறுவனம் எழுதித் தரும் கண்டிஷன் ரிப்போர்ட்டை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், "கீழ் மூலையில் சிறு தூக்கல்" என்று எழுதியே இருந்தார்கள். படிக்காதது என் தப்பு. அதற்கப்புறம் இன்னும் மூன்று கொலாஜ்கள் எடுத்தேன், நாலைந்தை வேண்டாம் என்று விட்டேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். காகிதத்தை வெட்டி ஒட்டினதுக்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். கொலாஜ் என்ற சொல்லே ஒட்டுவது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. 1912-இல் பிகாசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியைக் கேன்வாஸில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டி ஒரு ஓவியம் செய்தார். இப்போது இந்த வகைக்கு ஏலத்தில் பெரிய மரியாதை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் கிழித்தெடுத்த போஸ்டர்களை அடுக்கடுக்காக ஒட்டித் தேய்த்து வேலை செய்யும் மார்க் பிராட்ஃபோர்டின் ஒரு படைப்பு 2018-இல் லண்டனில் சுமார் 87 லட்சம் பவுண்டுக்குப் போனது. கிறிஸ் ஒஃபிலியின் 1996-ஆம் ஆண்டு மேரி மாதா ஓவியத்தில் பத்திரிகைப் படத் துண்டுகளும் யானைச் சாணமும் இருக்கின்றன, அது 2015-இல் ஏறக்குறைய 29 லட்சம் பவுண்டு. நம் நாட்டில் பினோத் பிஹாரி முகர்ஜி கண்பார்வை போன பிறகு வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டியே ஓவியம் செய்தார். பூபேன் கக்கர் 1960-களில் கடைத்தெரு சாமிப் படங்களை ஒட்டித்தான் ஆரம்பித்தார். இந்த வரலாறு போதும். நீங்களும் நானும் எடுக்கப்போவது இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலைக்கு, ஆனால் பார்க்க வேண்டியது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கேட்லாகில் என்ன பொருள் என்று சொல்லும் அந்த ஒரு வரிக்கு வருவோம். "மிக்ஸட் மீடியா" என்பது ஓட்டல் மெனுவில் "ஸ்பெஷல்" என்று போடுவது போல, உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். ஏல நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன காகிதம், என்ன பசை, மேலே என்ன பூசியிருக்கிறது. அவர்களுக்குத் தெரியாவிட்டால் விற்பவரிடமோ ஓவியரிடமோ கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஓவியர் உயிரோடு இருப்பவர் என்றால் இது ஒரு போன் வேலைதான். சங்கடப்படவே வேண்டாம், அவர்களுக்கு இது தினமும் வரும் கேள்வி.

காகிதத்தில் செய்தித்தாள்தான் பெரிய தலைவலி. அதன் மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், அமிலம் ஊறி ஊறித் தாள் அப்படியே நொறுங்கும். சமையலறை அலமாரியில் விரித்த பழைய பேப்பரை நாலு வருஷம் கழித்து உருவினால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா, அதேதான். சில ஓவியர்கள் இது தெரிந்தே அந்தப் பழுப்பை விரும்பிச் செய்கிறார்கள், டீத்தண்ணீர் ஊற்றி நிறம் ஏற்றுபவர்களும் உண்டு. அப்படி என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் அது அவர் செய்த பழுப்பா, காலம் செய்த பழுப்பா என்று தெரிந்திருக்க வேண்டும். முதன்முதலில் கண்காட்சியில் வைத்தபோது எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும். கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தால் எந்த இங்க் என்று கேளுங்கள், சாதாரண சாய இங்க் என்றால் சீக்கிரம் வெளிறும், பிக்மென்ட் இங்க் நின்று பேசும். கையால் செய்த பருத்திக் காகிதம் என்றால் ஒரு கவலை விட்டது.

அடுத்தது பசை. சினிமா போஸ்டருக்குக் காய்ச்சுகிற மாதிரியான மாவுப் பசை என்றால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. கெட்டது, ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. நல்லது, நாளைக்குப் பழுதுபார்க்க வேண்டிவந்தால் நிபுணர் லேசாக ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை உறுதியானது, ஆனால் பிரிப்பது பெரும்பாடு. அக்ரிலிக் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பெயின்ட் மாதிரி) வைத்து ஒட்டி, அதையே மேலே பூசியிருந்தால் நான் நிம்மதியாகப் பணம் போடுவேன். ரப்பர் பசையும் செலோடேப்பும்தான் ஆபத்து. இரண்டும் சில வருஷங்களில் பிடிப்பை இழந்து பழுப்பேறி, எண்ணெய்க் கறை மாதிரி காகிதத்தின் மேல்பக்கம் வரை ஊறிவிடும், அந்தக் கறையை எடுப்பது எளிதல்ல. செலோடேப் தெரிந்தால், ஓவியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நான் விலையில் கால்வாசியைக் கழித்துத்தான் யோசிப்பேன்.

முடிந்தால் பிரிவியூவுக்குப் போய்விடுங்கள். ஏலத்துக்கு முன்னால் சில நாட்கள் ஓவியங்களை நேரில் பார்க்கும்படி வைத்திருப்பார்கள், வாங்குபவர் வாங்காதவர் யார் வேண்டுமானாலும் போகலாம். அங்கே எதிரே நின்று ரசிப்பது அப்புறம். ஊழியரிடம் சொல்லிவிட்டு மொபைல் டார்ச்சைப் போட்டு, ஓவியத்தின் பக்கவாட்டில், சுவரோடு சுவராக ஒளி வரும்படி பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் சமதளமாகத் தெரிந்த பரப்பு இப்போது ஏரிக்கரை மண் மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரியும். ஒட்டிய துண்டுகளின் ஓரங்களில் மெல்லிய கறுப்பு நிழல் விழுந்தால் அந்த ஓரம் எழும்பியிருக்கிறது. நடுவில் வட்டமான புடைப்பு இருந்தால் உள்ளே காற்றுக் குமிழி, பசை அங்கே பிடிக்கவில்லை. ஒரு பிரிவியூவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கொலாஜை இப்படிப் பார்த்தேன். பழைய பத்திரத்தாள்களை ஒட்டி மேலே நீலம் அடித்தது. இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பு மாறியிருந்தது, சுற்றிலும் மங்கலாக இருக்க அந்தப் பட்டை மட்டும் புது வார்னிஷ் மாதிரி மின்னியது. யாரோ எழும்பிய ஓரத்தைத் திரும்ப ஒட்டி, மேலே நீலத்தைத் தொட்டு மறைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அது இல்லை. கேட்டதும் சரிபார்த்துச் சேர்த்தார்கள், அதற்காகவாவது அவர்களைப் பாராட்ட வேண்டும், ஆனால் நான் ஏலம் கேட்கவில்லை.

பின்பக்கத்தையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து, தேதி, கேலரி லேபிள், பழைய கண்காட்சிச் சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும், தண்ணீர்க் கறையும் அங்கேதான் முதலில் தெரியும். மரச்சட்டத்தில் பொடிப் பொடியாக ஓட்டைகள், கீழே மாவு மாதிரி தூள் என்றால் பூச்சி. வெளியூரில் இருக்கிறீர்கள் என்றால் பின்பக்கப் போட்டோ, நான்கு மூலைகளின் போட்டோ, டார்ச் ஒளிப் போட்டோ மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் என்றால் ஒரு நாளில் வந்துவிடும். அனுப்ப மாட்டோம் என்றால் அடுத்த ஏலத்தைப் பார்க்கலாம்.

கண்டிஷன் ரிப்போர்ட்டின் பாஷையையும் பழகிக்கொள்ள வேண்டும். "வயதுக்கு ஏற்ற நிலை" என்றால் ஏதோ இருக்கிறது, எழுத மனம் வரவில்லை. "ஓவியரின் உத்தியைச் சார்ந்த சுருக்கங்கள்" என்றால் உண்மையாகவே இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். அதே ஓவியரின் வேறு படைப்புகளைப் பார்த்தால் தெளிந்துவிடும். காகிதத்தைக் கசக்கி அதன் மேல் வேலை செய்வதே கையெழுத்தாக உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்ச் சுருக்கம் ஏன் என்று கேட்க முடியாது. இன்னொன்று, ஏலத்தில் எல்லாமே உள்ளது உள்ளபடிதான். வீட்டுக்கு வந்தபின் ஓரம் எழும்பியிருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒட்டியிருப்பது காகிதம் மட்டும்தானா என்றும் பாருங்கள். ராபர்ட் ரவுஷென்பெர்க் 1959-இல் செய்த ஒரு படைப்பில் பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பறவையை விற்கவே கூடாது. உரிமையாளர் இறந்தபின் வாரிசுகளின் மதிப்பீட்டாளர்கள் விற்க முடியாத பொருளுக்கு மதிப்பு பூஜ்யம் என்றார்கள், வரித் துறையோ 6.5 கோடி டாலர் என்றது! கடைசியில் 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துத்தான் வழக்கை முடித்தார்கள். நம்மூரில் அந்த அளவுக்கு வராது, ஆனால் மயிலிறகு ஒட்டிய ஓவியத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் ஏற்றுமதித் தடை குறுக்கே நிற்கும், தந்தத் துண்டு, ஆமை ஓடு என்றால் தொடவே தொடாதீர்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைக்குப் பரிசாக வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அசல்தானா என்ற விஷயத்தில் சமகால ஓவியத்துக்கு ஒரு வசதி, கேட்க ஆள் இருக்கிறது. முதலில் விற்ற கேலரியின் பில், ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழ், கண்காட்சிக் கேட்லாகில் அதே படம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் எனக்குப் போதும். அந்த ஓவியர் ஒத்துக்கொள்கிற நிலையில் படைப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். 2011-இல் நியூயார்க்கில் கேடி நோலண்டின் ஒரு படைப்பு ஏலத்துக்கு வந்தபோது, மூலைகள் நசுங்கிவிட்டன, இனி இது என் படைப்பு இல்லை என்று அவர் கை கழுவிவிட்டார், நிறுவனம் அதை ஏலத்திலிருந்தே எடுத்துவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் ஓவியருக்கு இந்த மாதிரி ஒரு தார்மிக உரிமை தருகிறது. சிற்பி அமர்நாத் சேகல் தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை டெல்லி விக்யான் பவனிலிருந்து பெயர்த்துப் பாழாக்கியதற்காக அரசு மீதே வழக்குப் போட்டு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 5 லட்ச ரூபாய் இழப்பீட்டோடு சிற்பத்தையும் திரும்பப் பெற்றார். ஆகவே ஓரம் எழும்பினால் நாமே பசை தடவி ஒட்டிவிடலாம் என்ற வேலையே வேண்டாம். (நான் அந்த அப்பளத்தைத் தொடவில்லை, ஓவியரைக் கேட்டு ஒரு காகித நிபுணரிடம் கொடுத்தேன், 9 ஆயிரம் ஆனது.)

சரி, காசு. எஸ்டிமேட் என்பது ஏல நிறுவனத்தின் கணிப்பு. ரிசர்வ் என்பது விற்பவர் அதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று ரகசியமாக வைத்திருக்கும் விலை, வழக்கமாக அது கீழ் எஸ்டிமேட்டைத் தாண்டாது. சுத்தியல் விழும் விலைதான் ஹேமர் விலை, உங்கள் பாக்கெட்டிலிருந்து போவது அது இல்லை, அதற்கு மேல் பையர்ஸ் பிரீமியம் (வாங்குபவரிடம் ஏல நிறுவனம் எடுக்கும் கட்டணம்), வரி எல்லாம் ஏறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹேமர் 2,00,000. பிரீமியம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40,000. ஓவியத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அது 10,000. பிரீமியம் சேவைக் கட்டணம் என்பதால் அதற்கு 18 சதவீதம், 7,200. மொத்தம் 2,57,200. பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில இடங்களில் விலை ஏற ஏறச் சதவீதமும் மாறும், விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைத் தலைகீழாகப் போடுவதுதான் முக்கியம். கையில் மொத்தம் 2 லட்சம்தான் இருக்கிறது என்றால், பேக்கிங், லாரி, இன்ஷூரன்ஸ், ஃபிரேம் என்று முதலில் 20 ஆயிரத்தை ஒதுக்குங்கள். மிச்சம் 1,80,000-ஐ 1.286-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,40,000. அதுதான் நீங்கள் கேட்கக்கூடிய கடைசி விலை. ஒரு சீட்டில் பெரிதாக எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். லண்டன் ஏலத்தில் எடுத்தால் இதோடு சுங்கமும், சில லாட்டுகளுக்கு (ஏலத்தில் எண் போட்டு விற்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு லாட்) ஓவியருக்குச் சேரும் மறுவிற்பனைப் பங்கும் வரும். பிரிட்டனில் அது 4 சதவீதத்தில் ஆரம்பிக்கிறது, பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழும், லாட் எண் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டிருப்பார்கள், கவனியுங்கள்.

விலை நியாயமா என்று பார்க்கப் பழைய ஏல முடிவுகளைத் தேடுவீர்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்டிமேட் பிரீமியம் இல்லாமல் போடுவது, முடிவாக வெளியிடும் விலையில் பெரும்பாலும் பிரீமியம் சேர்ந்திருக்கும். 2 லட்சம் எஸ்டிமேட், 2.4 லட்சத்துக்குப் போனது என்று பார்த்து இவருக்குச் சந்தை சூடு பிடித்துவிட்டது என்று நினைப்போம், பிரீமியம் 20 என்றால் ஹேமர் வெறும் 2 லட்சம்தான். ஒப்பிடும்போது அதே ஓவியர், அதே அளவு, அதே காலகட்டம் என்று பாருங்கள். அவருடைய ஆயில் கேன்வாஸ் விலையை வைத்துக் காகிதக் கொலாஜை எடை போடாதீர்கள், காகிதம் பொதுவாகக் குறைவாகத்தான் போகும். விற்காமல் திரும்பிய லாட்டுகளையும் தேடுங்கள், உண்மை அங்கேதான் இருக்கும்.

பதிவு செய்வதை ஏலத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். பான், முகவரிச் சான்று கேட்பார்கள், புது ஆள் என்றால் முன்பணமும் கேட்கலாம். ஏல நேரத்தில் ஒவ்வொரு படியும் சுமார் 10 சதவீதம் வரை ஏறும். ஆன்லைன் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும், அதனால் கடைசி நொடியில் தட்டி ஜெயிக்கிற வித்தை இங்கே பலிக்காது. எதிரில் யாரோ முகம் தெரியாதவர் 1,30,000 கேட்பார், நீங்கள் 1,40,000, அவர் 1,50,000. கடிகாரம் ஓடும், இன்னும் ஒரே ஒரு தடவைதானே என்று கை துறுதுறுக்கும். அந்த ஒரே ஒரு தடவைக்கு 1,60,000 கேட்க வேண்டும், அதாவது சீட்டில் எழுதியதைவிட வரியோடு 25 ஆயிரத்துக்கு மேல் கூடுதல். எனக்குக் கட்டுப்பாடு போதாது என்பதால் இப்போதெல்லாம் உச்ச விலையை முன்கூட்டியே ப்ராக்ஸி பிட்டாக (அந்த விலை வரை எனக்காகத் தானாகவே கேட்கும்படி) போட்டுவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போய்விடுகிறேன். போன மாதம் அப்படிப் போய்விட்டுத் திரும்பினால், ஒரு லாட் நான் போட்ட உச்சத்துக்கு இரண்டு படி கீழேயே எனக்கு விழுந்திருந்தது.

விழுந்துவிட்டது என்றால் பணம் கட்டக் கெடு இருக்கும், தாமதமானால் வட்டியும் சேமிப்புக் கட்டணமும் போடுவார்கள். பேக்கிங் பற்றி எழுத்தில் சொல்லிவிடுங்கள்: பபிள் ஷீட் ஓவியத்தின் மேல் நேரடியாகப் படக் கூடாது. அக்ரிலிக் பூச்சு வெயிலில் இளகும், கத்திரி வெயிலில் லாரிக்குள் மூன்று நாள் கிடந்தால் ஷீட்டின் வட்டங்கள் ஓவியத்தில் அச்சாகப் பதிந்துவிடும். முதலில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய காகிதம் அல்லது சிலிகான் பூசிய காகிதம், அதன் மேல் அட்டை, அதற்கும் மேலேதான் பபிள், வெளியே மரப்பெட்டி. வந்த அன்றே பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஃபிரேம் போடும் கடையில் கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் அரை அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள், பின் அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் ஷீட் கிடைத்தால் காசு பார்க்காமல் போடுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர், ஏசிக்கு நேர் எதிர், சமையலறைக்குப் பக்கம், சாமி விளக்குக்கு மேலே, இந்த நான்கும் வேண்டாம். சட்டத்தின் கீழ் முனைகளில் பின்பக்கம் இரண்டு ரப்பர் குமிழ் ஒட்டிவிட்டால் சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று ஓடும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை கழற்றிப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், ராமபாணம் வெளிச்சத்தைக் கண்டால் ஓடும், அப்போதே தெரிந்துவிடும்.